பெரிய திரை வேண்டாமென்று உன் அக்காவிடம் சொல்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். தங்கள் அக்காவும் நலம். வீட்டிலுள்ள மடிக்கணினி நலமில்லை என்று அவள் சொல்கிறாள், நலமாகத்தான் இருக்கிறது என்று நான் சொல்கிறேன். தாங்களும் தங்கள் துணைவியாரும் குழந்தைகளும் எந்தக் குறையுமின்றி இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை வரைகிறேன். கடிதம் என்றால் ‘தாங்கள்’ என்று ஆரம்பித்தால்தான் எனக்குக் கை ஓடும், அத்தனை வருஷ அரசாங்கப் பழக்கம். இப்போது கை ஓட ஆரம்பித்துவிட்டதால் இனிமேல் ‘நீ’தான். கோவிச்சுக்காதே.

மச்சான், விஷயம் ரொம்ப அவசரம். உன் அக்கா அச்சகத்துக்குப் போயிருக்கா. திரும்பி வந்ததும் முதல் வேலையா உனக்குத்தான் போன் பண்ணுவா. “தம்பி, பெரிய ஸ்க்ரீன் லேப்டாப்பா வாங்கிடலாமா, இல்ல இருக்கறதே போதுமா”ன்னு கேப்பா. நீ கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறதால நீ சொன்னா அவளுக்கு வேதவாக்கு. அதையே நான் சொன்னா “உங்களுக்கு என்ன தெரியும்”னு சொல்வா. அதனால, நீ வேண்டாம்னு சொல்லணும். எப்படிச் சொல்வியோ, என்ன காரணம் சொல்வியோ, அது உன் சாமர்த்தியம். தபால்ல போட்டா அவ போன் முந்திக்கும்னு, அதே சின்ன லேப்டாப்புல உட்கார்ந்து ஒத்தை விரலால தட்டிக்கிட்டிருக்கேன். நடுவுல கேட் சத்தம் கேட்டா அப்படியே நிறுத்திடுவேன், மீதியை நீயே யூகிச்சுக்கோ.

உன் அக்கா பிழை திருத்துறான்னு உனக்குத் தெரியும். எப்படித் திருத்துறான்னு நீ வந்து பார்த்ததில்லை. எழுத்தாளர் எழுதின மூலம் லேப்டாப்புல ஃபைலா இருக்கும். அச்சகத்துல அச்சுக் கோத்த பக்கங்கள் காகிதத்துல வரும். நான் லேப்டாப்புக்கு முன்னாடி உட்கார்ந்து மூலத்தைச் சத்தமாப் படிப்பேன். அவ எதிர்ல காகிதத்தைப் பரப்பி வச்சு, சிவப்புப் பேனாவோட, நான் சொல்றதும் அங்க இருக்கறதும் ஒண்ணான்னு பார்த்துக்கிட்டே வருவா. வெறும் வார்த்தையைப் படிச்சாப் போதாது, புள்ளி கமா எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லணும். “அவன் வந்தான் கமா உட்கார்ந்தான் கமா ஓவென்று அழுதான் முற்றுப்புள்ளி புதுப் பத்தி.” இப்படியே காலையில காபி குடிச்சதுலேர்ந்து வெயில் சாயறவரைக்கும். இது என் நாக்குல எந்த அளவுக்கு ஊறிப் போச்சுன்னா, போன வாரம் எதிர்வீட்டுக்காரரோட அண்ணன் தவறிட்டார்னு துக்கம் விசாரிக்கப் போனவன், அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு “மனசைத் தேத்திக்குங்க முற்றுப்புள்ளி”ன்னுட்டேன். அந்த மனுஷன் அழுகையை நிறுத்திட்டு என்னையே பார்த்தார். உன் அக்கா என் சட்டையைப் பின்னாலேர்ந்து பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளியே வந்துட்டா.

இப்போ என்ன ஆச்சுன்னா, அச்சகத்துக்காரர் இனிமே காகிதம் அனுப்ப மாட்டாராம். மூலம், அச்சுப் பக்கம் ரெண்டையும் ஃபைலாவே அனுப்பிடுவாராம், ஸ்க்ரீன்லயே பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துக்கணுமாம். நம்ம சின்ன லேப்டாப்புல ரெண்டையும் சேர்த்துத் திறந்தா எழுத்து எறும்பாட்டம் ஓடுது. இதைப் பார்த்த அன்னிக்கே உன் அக்கா “பெரிசு வாங்கணும்”னு ஆரம்பிச்சுட்டா.

இதுல அந்தப் பல் டாக்டர் விவகாரம் வேற. உன்கிட்ட அவ சொல்லியிருக்க மாட்டா. ஒரு பல் டாக்டர் நாவல் எழுதினார். அதுல கதாநாயகியோட அப்பா ஒரு பக்கத்துல சாகறார், அடுத்த பக்கத்துல குடும்பமே கதறுது. நான் படிச்சுக்கிட்டே வர்றப்போ இந்த மவுஸ் இருக்கே, அதோட சக்கரம் தானா ஒரு உருட்டு உருட்டி, அப்பா செத்த பக்கத்தையே தாண்டிடுச்சு. உன் அக்கா நிறுத்தி, “என்னங்க, இங்க ஒரு பக்கம் இருக்கே, அங்க இல்லையா?”ன்னு கேட்டா. நான் கண்ணாடியை ஏத்தி இறக்கிப் பார்த்துட்டு, “இல்லவே இல்லை”ன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். எழுத்தாளருங்க கடைசி நேரத்துல பக்கத்தைத் தூக்கறது வழக்கம்தானே? அவளும் நம்பி, “மூலத்தில் இல்லை, நீக்கவும்”னு சிவப்புல எழுதிட்டா. புத்தகம் வந்துடுச்சு. அதுல யாரும் சாகலை, ஆனா எல்லாரும் அழறாங்க. படிச்சவங்கள்லாம் டாக்டருக்குப் போன் பண்ணி யார் செத்ததுன்னு கேக்கறாங்களாம். அவர் நேரா வீட்டுக்கே வந்துட்டார். அந்த மனுஷன் திட்டறப்போகூட என் பல்லையே பார்த்துக்கிட்டுத் திட்டினார் மச்சான். உன் அக்கா குறுக்கே வந்து, “தப்பு என்னோடது சார், நான்தான் கவனிக்கலை”ன்னா. நான் மவுஸைக் காட்டறதுக்குள்ள என்னை உள்ளே போகச் சொல்லிட்டா. அச்சகத்துக்காரரும் சொல்லிட்டார், அடுத்த புத்தகத்துல இப்படி ஏதாவது ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்னு. அந்த அடுத்த புத்தகம் நாளைக்கு வருது. அதான் இன்னிக்கே முடிவு பண்ணியாகணும்னு அவ ஒத்தைக்கால்ல நிக்கறா.

இரு, கேட் சத்தம்.

இல்லை, குரியர்காரர். பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கார்.

சரி, பெரிசு எப்படித்தான் இருக்குன்னு பார்த்துட்டு வரலாம்னு நேத்து நான் தனியாக் கடைக்குப் போனேன். திறந்த மனசோடதான் போனேன், நம்பு. விற்பனைப் பொண்ணு ஒண்ணை எடுத்துக் காட்டி, இத்தனை இஞ்ச்னு சொல்லுச்சு. நான் எடையளவு ஆய்வாளரா இருந்தவன், சும்மா விடுவேனா? பையிலேர்ந்து டேப்பை எடுத்து அகலத்தை அளந்தேன். குறையுது. “என்னம்மா இது, சொன்னதுக்கும் இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கே”ன்னேன். அந்தப் பொண்ணு பொறுமையா, “சார், ஸ்க்ரீனை மூலைக்கு மூலை குறுக்கால அளப்பாங்க”ன்னுச்சு. குறுக்கால! துணிக்கடையில துணியைக் குறுக்கால அளந்து குடுத்தா விட்டுடுவியா? நான் வேலையில இருந்திருந்தா அன்னிக்கே கடைக்குச் சீல் வச்சிருப்பேன். சத்தம் கேட்டு மேனேஜர் வந்துட்டார். அவரும் “உலகம் பூரா அப்படித்தான் சார்”ங்கறார். உலகம் பூரா என் கண்ணுல படாமத் தப்பிச்சிருக்கு, அவ்வளவுதான்.

அடுத்து எடை. அட்டையில போட்டிருக்கறதை நான் நம்பலை. பக்கத்துல பழக்கடையில தராசு இருந்துச்சு. அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு, லேப்டாப்பை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டுப் போனேன். பழக்கடைக்காரருக்கு என்னைப் பழைய நாள்லேர்ந்து தெரியும். பார்த்ததும் மூஞ்சி வெளிறிப் போயி, “சார், நீங்க ரிட்டயர் ஆயிட்டதாச் சொன்னாங்களே”ன்னார். ஆளு உள்ளே ஓடிப் போயி வேற தராசு எடுத்துட்டு வந்து வச்சார். அதுல நிறுத்தா எடை சரியாத்தான் இருக்கு. ஆனா சார்ஜரை அதுல சேர்க்கலை! சார்ஜர் இல்லாம லேப்டாப்பை எடுத்துக்கிட்டு யாரு எங்கே போறாங்க? அப்புறம் நம்ம பையில அது நுழையலை. மடியில வச்சுப் பார்த்தேன், முழங்காலைத் தாண்டிப் போயி ஆடுது. மடியில நிக்காததுக்கு மடிக்கணினின்னு என்ன பேரு? இதையெல்லாம் வந்து உன் அக்காகிட்ட ஒண்ணுவிடாமச் சொன்னேன். அவ காது குடுத்துக் கேட்டுட்டு, “சரி, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்”னு எழுந்து போயிட்டா. சண்டை போட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

இப்பத்தான் அந்த விற்பனைப் பொண்ணு போன் பண்ணுச்சு. “மேடம் உங்க நம்பரைக் குடுத்து எடுத்து வைக்கச் சொன்னாங்க சார், இன்னிக்கு வந்துடுவீங்களா”ன்னு. எடுத்து வைக்கச் சொன்னாளா? எப்போ சொன்னா? என்கிட்ட ஒரு வார்த்தை இல்லையே! “யோசிச்சுச் சொல்றேன்”னு வச்சுட்டேன். இந்த வரியை எத்தனை தடவை அழிச்சு அழிச்சுத் தட்டறேன் பாரு.

மச்சான், உன்கிட்ட என்ன மறைக்கறது. எடையாவது, பையாவது. எனக்குப் பயமா இருக்கு. அதான் விஷயம்.

வேலையில இருந்தவரைக்கும் நான் தெருவுல நடந்து வந்தாக் கடைக்காரங்க தராசை மறைப்பாங்க. ரிட்டயர் ஆனப்புறம் என்னைப் பார்த்து யாரும் எதையும் மறைக்கலை, யாரும் எதையும் கேட்கவும் இல்லை. வீட்டுலயே சும்மா இருக்க முடியாம, பால் பாக்கெட்டை அளந்து பார்த்துக்கிட்டு, உன் அக்கா சமைக்கறப்போ எண்ணெய் கூடப் போச்சுன்னு சொல்லிக்கிட்டு, அவ உயிரை வாங்கிக்கிட்டிருந்தேன். ஒருநாள் அவளுக்கு மூலம் படிச்சுக் குடுக்கற அம்மா வேலையை விட்டு நின்னுட்டாங்க. அவ கூடத்துலேர்ந்து, “என்னங்க, சும்மாத்தானே இருக்கீங்க, வந்து கொஞ்சம் படிங்களேன்”னு கூப்பிட்டா. அன்னிக்கு வந்து உட்கார்ந்தவன்தான். கல்யாணம் ஆனதுலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் இத்தனை மணி நேரம் ஒரே மேஜையில உட்கார்ந்ததே கிடையாது. அவ “ம்”னா அடுத்த வரி. “நில்லுங்க”ன்னா ஒரு தப்பு மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். தப்பு மாட்டினா அவ மூஞ்சியில ஒரு சந்தோஷம் வரும் பாரு, அதைப் பார்க்கறதுக்காகவே நான் தொண்டை கட்டக் கட்டப் படிப்பேன்.

பெரிசு வந்துட்டா ரெண்டு பக்கத்தையும் அவளே பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துப்பா. படிக்க ஆள் எதுக்கு? அதுவும் நான் செத்தவரைச் சாகவிடாமப் பண்ணினவன். அவ வாயால “நீங்க போய் ரெஸ்ட் எடுங்க”ன்னு ஒருநாள் சொல்லிடுவா, அன்பாத்தான் சொல்லுவா. நான் பழையபடி பால் பாக்கெட்டை அளக்கப் போயிடணும். எனக்கு அது வேண்டாம் மச்சான். எனக்கு அந்த நாற்காலி வேணும்.

அதனால உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். பெரிய ஸ்க்ரீன் கண்ணுக்குக் கெடுதல்னு சொல்லு. சீக்கிரம் சூடாகிடும்னு சொல்லு. அடுத்த மாசம் புதுசா ஒண்ணு வருது, பொறுத்து வாங்கலாம்னு சொல்லு, உங்க தொழில்ல அது எப்பவும் நிஜம்தானே. நான் எழுதினதா மட்டும் மூச்சு விட்டுடாதே. இந்த ஒரு உதவியைப் பண்ணினா உன்னை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

குழந்தைகள் நல்ல கண்பார்வையோடும் நல்ல புத்தியோடும் வளர என் ஆசிகள். தங்கள் துணைவியாருக்கு என் அன்பான விசாரிப்புகளைத் தெரிவிக்கவும். தங்கள் உத்தியோகம் மேன்மேலும் சிறக்கட்டும்.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்
உன் அத்தான்

பின்குறிப்பு: அனுப்பற பட்டன் இந்தச் சின்ன ஸ்க்ரீன்ல எங்கேயோ கீழே போய் ஒளிஞ்சுக்கிச்சு. அதைத் தேடிக்கிட்டிருந்தப்போ பின்னால யாரோ மூச்சு விடற மாதிரி இருந்துச்சு. திரும்பினா உன் அக்கா. எப்போ வந்தாளோ, எவ்வளவு நேரமா நின்னாளோ தெரியலை. என்னை நகரச் சொல்லிட்டு, உட்கார்ந்து, முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் படிச்சா. படிச்சு முடிச்சுட்டு, “இதுக்குத்தான் ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்களா?”ன்னா. அப்புறம் சொன்னா: “எனக்கு மட்டும்னா இந்தச் சின்னதே போதுமேங்க. நான் இதுலயே மாத்தி மாத்திப் பார்த்துடுவேன். ஆனா தனியாப் பார்த்தா கண்ணு தப்பைத் தாண்டிப் போயிடும், குரல் கேட்டாத்தான் எனக்குத் தப்பு மாட்டும். ரெண்டு பேரும் ஒரே பக்கமா உட்கார்ந்து பார்க்கணும்னுதான் பெரிசு கேட்டேன். இடது பக்கம் மூலம், அது உங்களுக்கு. வலது பக்கம் அச்சு, அது எனக்கு. டாக்டர் புத்தகத்துல அந்தப் பக்கம் மூலத்துல இருந்துச்சு, உங்க கண்ணுக்குத்தான் எழுத்துத் தெரியலை. அதை எப்படி உங்க மூஞ்சிக்கு நேரா சொல்றதுன்னுதான் ஸ்க்ரீன் மேல பழியைப் போட்டேன்.” நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சேன் மச்சான். அவளும் திரும்பிக்கிட்டு ரொம்ப நேரம் கைப்பையில எதையோ தேடினா. ஆகவே மேலே எழுதினதுல ஒண்ணையும் கணக்குல எடுத்துக்காதே. இப்போ என்னடான்னா அவ, “எனக்காக மனசில்லாம வாங்க வேண்டாம், தம்பியைக் கேட்டுக்கலாம்”னு பிகு பண்ணிக்கிட்டுப் போனைக் கையில எடுத்துட்டா. இது உன் கைக்குக் கிடைக்கறப்போ அவ லைன்லயே இருப்பா. கடையிலயே பெரிசு எதுவோ அதை வாங்கச் சொல்லு. அவ இழுத்தா, அத்தான் ஒரே பிடிவாதமா இருக்கார், அவருக்கு அந்த இடது பக்கம் வேணுமாம்னு சொல்லு.