மூடியில்லாத நீலக் கிண்ணம்

மூடி கிடைத்துவிட்டது. துருப்பிடித்த கரண்டிகளும் ஓட்டை வாணலிகளும் கிடந்த ஓர் அட்டைப்பெட்டிக்குள் நீலக் கண்ணாடி மூடி. உச்சியில் ஓக் மரக் கொட்டை வடிவில் குமிழ். எவரெட் பிரிக்ஸ் அதை மெல்ல எடுத்துப் பார்த்தார்.

நாற்பது வருடமாகப் பழைய அமெரிக்கக் கண்ணாடிச் சாமான்களும் மேசை நாற்காலிகளும் வாங்கி விற்கிறவர். அவர் கடையில் எல்லாமே விற்பனைக்கு, ஒரு நீலக் கண்ணாடிச் சர்க்கரைக் கிண்ணத்தைத் தவிர. அதற்கு மூடி இல்லை. மூடி கிடைத்த அன்று, கிண்ணத்தை முழுசாக எதிர்க்கடை அடிலைனிடம் நீட்டி, என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்பதாக உத்தேசம். உத்தேசித்தபோது வயது முப்பத்தொன்று. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. மூடி இல்லாமலே கேட்டிருக்கலாம். தைரியம் வரவில்லை, பழியை மூடிமேல் போட்டுவிட்டார்.

நிமிர்ந்தால், ஏலம் நடக்கவிருந்த தீயணைப்பு நிலையக் கூடத்தின் மறுகோடியில் அடிலைன். அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏலத்துக்கு முன் ஒரு பொருளை ஆசையாகப் பார்த்தால் இந்தத் தொழிலில் ஆள் காலி. எவரெட் முகத்தைச் சுளித்து, மூடியை வாணலிக்கு அடியில் புதைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற மேப்பிள் மர அலமாரியிடம் போனார். இழுப்பறையை உருவி முகர்ந்து பார்த்து உருகினார். அதன் கால்கள் போன வருடம் ஒட்டியவை என்பது அவருக்கா தெரியாது?

நடிப்பு அளவுக்கு மீறிப் போயிற்று. வியாபாரிகள் அத்தனை பேரும் அலமாரியை மொய்த்தார்கள். அதுவே முதலில் ஏலத்துக்கு வந்தது. எவரெட்டின் கண் பெட்டியிலேயே இருந்தது. தலையில் தொப்பி இருக்கும்வரை ஏலம் கேட்பது நான்தான், கழற்றினால் விலகிவிட்டேன் என்று ஏலக்காரர் வாரனோடு அவருக்கு ஒரு ரகசிய ஏற்பாடு உண்டு. தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டார்.

"அலமாரி எவரெட்டுக்கு," என்று சுத்தியலைத் தட்டினார் வாரன்.

மறுத்துப் பேசினால் ரகசியம் ஊருக்கே தெரிந்துவிடும். அலமாரியை ஏற்றுக்கொண்டார்.

பிறகு பெட்டி வந்தது. ஐந்து டாலர், பத்து டாலர். அடிலைன் கையைத் தூக்கினாள். ஐம்பது, நூறு. ஓட்டை வாணலிக்கு இவளோடு மல்லுக்கட்டுவது யார் என்று கூடம் சிரித்தது. எவரெட் தொப்பியோடு தூண் மாதிரி நின்றார். விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அப்போது அடிலைன் திரும்பி அவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அவள் பார்த்தால் தொப்பியை எடுத்து வணக்கம் சொல்வது அவருக்கு நாற்பது வருடப் பழக்கம். கை தானாக எழுந்தது.

"பெட்டி அடிலைனுக்கு."

அவசரமாகத் தொப்பியைத் திரும்ப மாட்டினார். பயனில்லை. அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியேறினாள்.

எவரெட் அலமாரிக்குப் பணம் கட்டப் போனார். ரசீது எழுதும் டோரினிடம், "கரண்டியும் வாணலியும் அவளுக்கு எதுக்குங்க? அவ அதெல்லாம் விக்கிறதே இல்லையே," என்றார்.

டோரின் நிமிராமலே சொன்னாள்: "அது அவங்க கொண்டாந்த பெட்டிதான் எவரெட். மூடிக்காக நீங்க காத்திருக்கிறது ஊருக்கே தெரியும். நீங்க பாத்தா கிண்ணத்தத் தூக்கிட்டுக் கல்யாணம் கேக்க ஓடி வருவீங்கன்னு, முப்பது வருஷமா ஒளிச்சு வெச்சிருந்த மூடிய இன்னிக்குத்தான் துணிஞ்சு போட்டாங்க. நீங்க மூஞ்சியச் சுளிச்சு அடியில பொதைச்சதும், வேற யார் கைக்கும் போக வேண்டாம்னு அவங்களே மீட்டுக்கிட்டாங்க."