பாதி டிக்கெட்டில் முழு நாடகம்

நாடகத்தின் முதல் பாதியை மட்டும் எப்பாடுபட்டாவது பார்க்காமல் தப்பித்துவிட வேண்டும் என்று ரொட்டிக்காரர் கண்ணாடி முன்னால் நின்று சபதம் செய்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை. மீதிப் பாதியில் கவலை.

பேக்கரி வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியும் தெருவில் எல்லாருக்கும் அவர் ரொட்டிக்காரர்தான். அந்த மனுஷனுக்கு நாடகம் என்றால் உயிர். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு சபதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் சொல்கிறேன். அவராக வாயைத் திறந்து சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

வினை, பெற்ற மகள் ரூபத்தில் வந்தது. "அப்பா, நீங்களும் அம்மாவும் அந்தக் காலத்துல பார்த்தீங்களே, 'விளக்கு வீட்டுக் கல்யாணம்', அதை மறுபடியும் போடறாங்க. அதே குழு, அதே கதாநாயகர். சனி, ஞாயிறு ரெண்டே நாள், மத்தியானம் மூணு மணிக்கு. சனிக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன்!"

"ரெண்டு டிக்கெட்டா!" என்றாள் அம்மா. வாயெல்லாம் பல்.

"ரெண்டு டிக்கெட்டா?" என்றார் அப்பா. முகத்தில் ஈயாடவில்லை.

அந்தத் தம்பதியின் சரித்திரத்தில் ரெண்டு டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. கல்யாணமான புதிதில் ஒற்றை அறைக் குடித்தனம். புருஷன், பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் நாடகப் பைத்தியம் சமமாகப் பிடித்திருந்தது. ஒருத்தருக்குப் பிடித்திருந்தால் இன்னொருத்தர் வைத்தியம் பார்த்திருப்பார். ரெண்டு பேருக்கும் என்றால் யார் பார்ப்பது? வாரம் தவறாமல் சனிக்கிழமை சாயங்காலம் நாடகம் பார்த்தே ஆக வேண்டும். பேக்கரிச் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா?

ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தார்கள். அவர் சிகரெட்டை விட்டார். பஸ்ஸை விட்டார். சலூனை விட்டார். மனைவியே கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள், அவருடைய இடது காது மாதம் ஒருமுறை உயிருக்குப் போராடியது. அவள் காபியை விட்டாள். கறியை விட்டாள். கட்டில் வாங்கும் ஆசையை விட்டாள். அந்த வீட்டில் விடாமல் வைத்திருந்தது மூச்சு ஒன்றைத்தான். இல்லை, அதையும் விட்டு விட்டுத்தான் வாங்கினார்கள்.

அப்படியும் வாரத்துக்கு ஒரு டிக்கெட்தான் தேறியது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இடைவேளையில் வெளியே போகிறவர்களுக்கு வாசலில் ஒரு அட்டை கொடுப்பார்கள். பாஸ் என்று பேர். அதைக் காட்டினால் திரும்ப உள்ளே விடுவார்கள். அட்டையைத்தான் பார்ப்பார்களே தவிர ஆளைப் பார்ப்பதில்லை. ஆகவே முதல் பாதி அவர் பார்ப்பார். இடைவேளையில் வெளியே வந்து, காத்திருக்கும் மனைவி கையில் பாஸைக் கொடுத்துவிட்டு, மறுநாள் ரொட்டிக்கு மாவு பிசைய பேக்கரிக்கு ஓடுவார். நாடகம் முடியும் நேரத்துக்குக் கையெல்லாம் மாவோடு திரும்பி வருவார்.

அப்புறம் ரெண்டு பேரும் வீட்டுக்கு நடப்பார்கள். நல்ல தூரம். முதல் பாதியை அவர் சொல்லிக்கொண்டே வருவார். தபால் ஆபீஸ் திருப்பம் வந்ததும் இரண்டாம் பாதியை அவள் எடுத்துக்கொள்வாள். அவர் அழுவார், அவள் சிரிப்பாள், நடுரோட்டில் நின்று அவர் வில்லனாக நடித்துக் காட்டுவார். தெரு நாய்கள்கூட வழிவிட்டு உட்கார்ந்து கேட்கும். மகள் பிறந்தாள். நாடகத்தையும் விட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ சௌகரியங்கள் வந்தன, கட்டிலும் வந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை நடைக்கு ஈடாக ஒரு சுகத்தை ரொட்டிக்காரர் இன்றுவரை அனுபவித்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரொட்டிக்காரர் ஒரு நாடகத்தின் முதல் பாதியைக்கூடப் பார்த்ததில்லை.

சிரிக்காதீர்கள். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு முன்னால் நிற்க ஆரம்பிக்கிற மனுஷன். சாயங்காலம் மெத்தை வைத்த நாற்காலி, தலைக்கு மேலே மின்விசிறி, விளக்கை வேறு அணைத்துவிடுகிறார்கள். மேடையில் திரை மேலே போகும், இவருக்கு இமை கீழே வரும். இடைவேளை மணிதான் எழுப்பும். முதல் வாரம் உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்தார். ஆனால் காபியை விட்டுவிட்டு வெறும் தரையில் காத்திருந்தவள், "எப்படிங்க இருந்துச்சு? சொல்லுங்க, சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "தூங்கிட்டேன்" என்று சொல்ல எந்தப் புருஷனுக்கு நாக்கு வரும்? அளக்க ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

'விளக்கு வீட்டுக் கல்யாண'த்தில் கேப்டனை இரண்டாவது காட்சியிலேயே கடலில் மூழ்கடித்தார். நாலு பேர் தூக்கிப்போய் அடக்கம் செய்தார்கள், பின்னாலேயே கேப்டனின் நாய் போனது என்று அவர் சொன்னபோது அவள் விசும்பி அழுதாள். இப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் அந்த முதல் பாதியைப் பார்த்தால்? பணம், பதவி என்று எதுவும் அவர் சம்பாதிக்கவில்லை. மனைவியிடம் அவருக்கு இருந்த ஒரே மதிப்பு அந்தக் கதைகள்தான். நாற்பது வருஷம் கழித்து அது கப்பலேறுவதை எப்படிச் சகிப்பது?

அதனால்தான் சபதம். சனிக்கிழமை இடைவேளைக்கு முன்னால் அரங்கத்துக்குள் கால் வைப்பதில்லை.

மனைவி பன்னிரண்டு மணிக்கே உடுத்தித் தயாராகி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தலையில் கொஞ்சமாக எண்ணெய், முகத்தில் கொஞ்சமாகப் பவுடர். கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். ரொட்டிக்காரருக்கு மனசு கேட்கவில்லைதான். கல்லாக்கிக்கொண்டார்.

"என் மூக்குக்கண்ணாடியைக் காணோமே!"

"நல்லாப் பாருங்க."

"கண்ணாடி இல்லாம எப்படிம்மா நல்லாப் பார்க்கறது?"

அரை மணி நேரம் தேடினார்கள். மாவு டப்பாவுக்குள் கிடைத்தது. எப்படிக் கிடைக்காமல் போகும்? அவர்தானே வைத்தார்.

"இது எப்படிங்க மாவுக்குள்ள போச்சு?" என்றாள் கண்ணாடியை ஊதிக்கொண்டே.

"பழக்கதோஷம்" என்றார்.

அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமில் ஒரு இருபது நிமிஷம். தெருமுனை வரை போய், அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பி வந்தது ஒரு தடவை. கதவைப் பூட்டினோமா என்று பார்க்க ஒரு தடவை. சட்டைப் பொத்தான் ஒன்று அதுவாகவே பிய்ந்து விழுந்தது. கடைசியில் பஸ் ஏறினார்கள். எதிர்த் திசையில் போகிற பஸ்.

அரங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது வாசல்காரர், "இப்பத்தாங்க இடைவேளை மணி அடிச்சுது" என்றார்.

"அடடா!" என்று ரொட்டிக்காரர் தலையில் கைவைத்தார். அவர் நாடகங்களைத் தூங்காமல் பார்த்திருந்தால் நடிப்பில் பெரிய ஆளாக வந்திருப்பார்.

"பரவாயில்லைங்க" என்றாள் மனைவி. ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள்.

இரண்டாம் பாதி ஆரம்பித்தது. திரை மேலே போனது. இந்த முறை அவருக்கு இமை கீழே வரவில்லை, வெற்றி பெற்றவனுக்குத் தூக்கம் ஏது? மேடையில் கலங்கரை விளக்கக் காவலரின் மகள் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் மனைவியின் உதடுகள் அசைந்தன. அந்தப் பெண் பேசுவதற்கு முன்னாலேயே வசனத்தை இவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்ன ஞாபகசக்தி என்று ரொட்டிக்காரர் பூரித்துப்போனார். அந்த நேரம் பார்த்து, தொப்பியும் தாடியுமாகக் கதாநாயகர் உள்ளே வந்தார். அரங்கமே கைதட்டியது.

"இவரா?" என்று மனைவி அவர் தோளைப் பிடித்தாள். "இவ்வளவு குள்ளமாவா இருப்பார்?"

"வயசானா சுருங்கிடுவாங்கம்மா" என்றார் அவர். "ஆமா, இது யாரு?"

"கேப்டன்."

ரொட்டிக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். நாலு பேர் தூக்கிப்போய் அடக்கம் செய்த ஆள், நல்ல ஆரோக்கியமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்கிறார். தம்பியாக இருக்குமோ? இரட்டைப் பிறவியோ? கடவுளே, கனவு கண்டு எழுந்தார் என்றாவது வரக்கூடாதா? ஒன்றும் வரவில்லை. கேப்டன் முழு உயிரோடு கடைசி வரை இருந்து, காவலரின் மகளையே கல்யாணமும் செய்துகொண்டார். திரை விழுந்தது.

அப்போதுதான் அவர் மூளையில் ஒரு பொறி தட்டியது. அன்றைக்கு மனைவி சொன்ன இரண்டாம் பாதியில் அந்தப் பெண் ஒரு தபால்காரரை அல்லவா கட்டிக்கொண்டாள்? மேடையில் தபால்காரர் என்று ஒரு ஆளே வரவில்லையே! ஆகா, சிக்கினாய்! அகப்பட்டுக்கொள்ளாமல் இருக்க ஒரே வழி, முதலில் அடுத்தவரைப் பிடிப்பது. வெளியே நடைபாதைக்கு வந்ததும் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஏம்மா, தபால்காரர் எங்கே?"

"எந்தத் தபால்காரர்?"

"அந்தப் பொண்ணைக் கட்டிக்கிட்டாரே, அவர். கல்யாணத்தன்னைக்கு மழை பெய்ஞ்சுது, தபால் பையைத் தலையில போட்டுக்கிட்டு வந்தார்னுகூடச் சொன்னியே!"

"ஓ, அவரா."

"என்ன ஓ அவரா? அப்படி ஒரு ஆளே இல்லை! நீ அன்னைக்கு உள்ளே போகவே இல்லை. ஒத்துக்க!"

"ஒத்துக்கறேன்."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கோபத்துக்கு மேற்கொண்டு வேலையில்லாமல் போயிற்று.

"நாற்பது வருஷமா என்னை ஏமாத்தியிருக்கே!"

"நான் என்னங்க பண்ணட்டும்? மாப்பிள்ளையை நீங்க ரெண்டாவது சீன்லயே கொன்னுட்டீங்க. அடக்கமும் பண்ணியாச்சு. பின்னாடியே நாய் வேற. செத்தவருக்கு எப்படிங்க கல்யாணம் பண்ணி வைக்கிறது? வேற மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா? தபால் ஆபீஸ் திருப்பத்துல யோசிச்சேன், தபால்காரர்தான் அகப்பட்டார்."

ரொட்டிக்காரர் நிமிர்த்திய நெஞ்சை இறக்கினார்.

"உனக்கு... தெரியுமா?"

"பக்கவாட்டுக் கதவுப் படியிலதானே உட்கார்ந்திருப்பேன். உள்ளே பேசறது ஒரு வார்த்தை விடாம கேட்கும். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எல்லா நாடகத்தையும் காதாலேயே பார்த்திருக்கேன். நீங்க வெளியே வரும்போது கன்னத்துல நாற்காலிக் கோடு பதிஞ்சிருக்கும்."

"அப்போ பாஸ்? நான் கொடுத்த பாஸ் எல்லாம்?"

"எதிர்ல இஸ்திரிக்காரர் இருந்தாரே, அவர் காசு கொடுத்து வாங்கிப்பார். அதை வச்சுத்தான் அடுத்த வாரம் டிக்கெட். நீங்க விட்ட சிகரெட்டுக் காசுக்கு வாசல்ல போஸ்டர்தான் பார்த்திருக்கலாம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாடகத்துக்காக எதையெல்லாமோ விட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாரே, இவள் நாடகத்தையே அல்லவா விட்டிருக்கிறாள்! ஒரு நடிகரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா அடுத்த வாரம் தூங்குவீங்களா? விடிகாலைல இருந்து அடுப்புல வெந்துட்டு வர்ற மனுஷன். வெளியே வரும்போது முகம் எவ்வளவு தெளிவா இருக்கும் தெரியுமா? அப்புறம் அவ்வளவு தூரமும் எனக்காக ஒரு கதை கட்டிச் சொல்லிட்டே வருவீங்க. நாடகத்தைவிட அது நல்லா இருக்கும். அதைக் கேட்கத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்."

நடைபாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, ரொட்டிக்காரர் மூக்கை உறிஞ்சினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாவி நான். இன்னைக்கு உனக்கு முதல் பாதியைக் கெடுத்துட்டேனே. முகத்தைப் பார்க்கணும்னு எவ்வளவு ஆசையா வந்திருப்பே!"

"கெடலைங்க. நீங்க கண்ணாடியை மாவு டப்பாவுல அமுக்கறதைப் பார்த்ததுமே மகளுக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்கு ஒரு டிக்கெட் எடுத்து வச்சிருக்கா."

"ஒண்ணா?"

"ஒண்ணுதான். ஒரு நாடகத்தையாவது முழுசா, கண்ணால, நிம்மதியா பார்க்கணும்."

"அப்போ நான்?"

"பக்கவாட்டுப் படி அங்கேயேதான் இருக்கு. சிமெண்ட் பூசியிருக்காங்க, நல்லாவே இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை ரெண்டரை மணிக்கே ரொட்டிக்காரர் அந்தப் படியில் ஆஜர். அவள் இத்தனை வருஷம் உட்கார்ந்த இடம் என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்று முதல் பாதியை ஒரு வார்த்தை விடாமல் கேட்பது, போகும் வழியெல்லாம் அவளோடு உண்மையான கதையைப் பேசிக்கொண்டே நடப்பது என்று தீர்மானம். கதவில் காதை வைத்துக்கொண்டார். உள்ளே மணி அடித்தது. திரை ஏறும் சத்தம் கேட்டது. கேப்டன் தொண்டையைக் கனைத்தார். இதமான வெயில். லேசான காற்று.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தார். மனைவி நின்றிருந்தாள். உள்ளே இடைவேளை மணி ஓய்ந்திருந்தது.

"அருமைம்மா! அந்தக் கேப்டன் பேசினான் பாரு, அடேயப்பா!" என்று வாயைத் துடைத்துக்கொண்டு அவர் கையை நீட்டினார். "பாஸ் கொடுக்கத்தானே வந்தே?"

"பாஸ் இல்லைங்க. உள்ளே இருக்கிறவங்க சொல்லி அனுப்பினாங்க, உங்க குறட்டையில வசனமே கேட்கலையாம். கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுத்துக்குங்க."