மாடிப்படிக் குப்பையும் ஷுய்மூவின் கம்ப்யூட்டரும்

பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது. பெட்டி மூன்று தரம் ‘பீப்’ என்று கத்தியது. திரை மட்டும் அடுப்புக்கரி மாதிரி கறுப்பாகவே கிடந்தது.

"நேத்து வரைக்கும் ஓடிச்சு. யாரோ கை வெச்சிருக்காங்க," என்றார் யேன் ஷுய்மூ.

"உங்களைத் தவிர அதைத் தொட யாருக்குத் தைரியம் இருக்கு?" என்றாள் மனைவி பாவ்ஜு. அவள் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல் திறந்திருந்துச்சா?"

"கம்பி போட்ட ஜன்னல்ங்க."

"கம்பியை வளைக்கத் தெரிஞ்சவன் இருக்கான்."

ஷுய்மூ காலமெல்லாம் லாரி ஓட்டியவர். வழியில் எவனாவது டீசலைத் திருடுவான், டயரைத் திருடுவான், அசந்தால் ஓட்டுகிறவனையே திருடுவான் என்று நம்பியே ஓய்வு பெற்றார். வீட்டிலும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கவேண்டிய, நகராட்சி முத்திரை போட்ட குப்பைப் பைகளைக்கூட அலமாரியில் பூட்டி வைத்து, வாரத்துக்கு ஒன்று என்று எண்ணித்தான் பாவ்ஜுவிடம் கொடுப்பார். "அதுக்கு மேல குப்பை வந்தா நீ ஏதோ வீணடிக்கிறேன்னு அர்த்தம்" என்பது அவர் சட்டம்.

சான்ச்சோங் ஊரில், அவர் கீழ்வீட்டில் குடியிருந்த நாலடுக்குக் கட்டிடத்துக்கு அவர்தான் தலைவர்; தரைத்தளத்தையே அங்கே முதல் மாடி என்பார்கள். வந்த வினையே அந்தப் பதவியால்தான். சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வரும். அவரவர் முத்திரைப் பையை அவரவரே தூக்கிப்போய் வண்டியில் எறியவேண்டும். பின்னாலேயே பழைய சாமான் வண்டி வரும். காகிதம் தனி, பிளாஸ்டிக் தனி, இரும்பு தனி என்று பிரித்துக் கொடுக்கவேண்டும். ஊரே ஒழுங்காகச் செய்கிற காரியம். இந்தக் கட்டிடத்தில் மட்டும் யாரோ ஒரு திருட்டுப்பயல் முத்திரையில்லாத பைகளை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். நகராட்சிக்காரன் வந்து எச்சரிக்கைத் தாளை வாசலில் ஒட்டினான். தாளில் இருந்தது ஷுய்மூவின் பெயர்.

அன்றைக்கே கூட்டம் போட்டுச் சபதம் செய்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் திருடனை உங்க எல்லார் முன்னாடியும் படமாவே காட்டுறேன். காட்டலைன்னா தலைவர் பதவி வேண்டாம். ஒவ்வொருத்தர் முன்னாடியும் குனிஞ்சு மன்னிப்புக் கேக்குறேன்."

ஷுய்மூ இதுவரை யாரிடமும் குனிந்ததில்லை. இடுப்பு வலிக்கு டாக்டரிடம் போனபோதுகூட நிமிர்ந்தபடிதான் காட்டினார்.

கடையில் தயாராக இருக்கும் கம்ப்யூட்டரை அவர் தொடவில்லை. உள்ளே பழசை வைத்து மூடியிருப்பான். பாலத்தடிச் சந்தைக்குப் போய் ஒவ்வொரு துண்டாக வாங்கி, கடைக்காரனைத் தன் கண்ணெதிரே ஒன்றுசேர்த்துக் கட்டச் சொன்னார். கட்டுவதற்கு முன்னால் துண்டு துண்டாக எடுத்து, அழியாத மையில் ‘யேன்’ என்று தன் குடும்பப் பெயரை எழுதினார்.

"எதுக்குப் பெரியவரே இது?" என்றான் கடைக்காரன்.

"நீ மாத்தினா தெரியணும்ல?"

மாடிப்படி மேலே கேமரா மாட்டினார். வாரம் முழுக்க அது பார்த்ததெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சேர்ந்தது. அவர் மட்டும் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. முன்னாலேயே பார்த்தால் ‘கிழவன் வெட்டி ஒட்டிவிட்டான்’ என்று சந்தேகப்படுவார்கள் அல்லவா? மனுஷர்களுக்குச் சந்தேக புத்தி அதிகம் என்பது அவர் கருத்து.

இப்போது சனிக்கிழமை மத்தியானம். பெட்டி மறுபடி ‘பீப்’ என்றது.

சத்தம் கேட்டு இரண்டாம் மாடி லீஹுவா இறங்கி வந்தாள். முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். கையில் தலைமுடி காயவைக்கும் மெஷின்.

"அண்ணே, ஈரம்! இந்த மழைக்கு என் சீப்பே பூசணம் பூக்குது. மூடியைக் கழட்டுங்க, சூடு காட்டுறேன்."

"நீ எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தே? கதவுக்குப் பின்னாடியே நின்னியா?"

"நல்லது செய்ய வந்தா நாக்கால அடிக்கிறீங்களே!" மூடியைத் திறந்தவள் பதறிப்போனாள். "ஐயோ, பச்சைப் பை எங்கே?"

ஷுய்மூவுக்குத் திக்கென்றது. அந்த ஊரில் ஆஸ்பத்திரி மெஷின் மேலும் இருக்கும், பாங்க் மெஷின் மேலும் இருக்கும் அந்தத் தேங்காய் மணக்கும் பொரிப் பை. அது மேலே இருந்தால் மெஷின் மக்கர் பண்ணாது என்பது ஊர் நம்பிக்கை. பச்சைதான் ஆகும், மஞ்சளோ சிவப்போ வைத்தால் மெஷின் கோபித்துக்கொள்ளும். தேதி தாண்டக்கூடாது. முக்கியமாக, யாரும் பிரித்துத் தின்னக்கூடாது. எல்லோரையும் சந்தேகப்பட்டவர் இதை மறந்திருந்தார்.

"ஓடிப்போய் வாங்கிட்டு வாங்கண்ணே. அதுவரைக்கும் நான் சூடு காட்டுறேன்."

ஷுய்மூ வாசலில் நின்று மனைவியைக் கூப்பிட்டார். "பாவ்ஜு! முள்ளங்கியைப் போட்டுட்டு இங்கே வா. அவ கையை விட்டுக் கண்ணை எடுக்காதே."

முனைக்கடையில் பச்சைப் பைகளைக் குடைந்து, அடியில் இருந்ததை உருவி, தேதியை மூன்று முறை படித்து வாங்கி வந்தார். பெட்டியின் தலையில் வைத்தார். பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. பீப் சத்தம்கூட வரவில்லை.

"முன்னாடி கத்தவாவது செஞ்சுது!"

"கத்தலைன்னா வலி குறைஞ்சிருச்சுன்னு அர்த்தம்," என்று சொல்லிவிட்டு லீஹுவா மெஷினைச் சுருட்டிக்கொண்டு மாடியேறினாள்.

ஷுய்மூ பாவ்ஜுவை ஓரமாக இழுத்தார். "ஏதாவது மாத்தினாளா?"

"எதையும் மாத்தலை."

"உன் கண்ணு முன்னாடிதானே எல்லாம்?"

"என் கண்ணு முன்னாடிதான்."

அவருக்குத் திருப்தியில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். உள்ளே இருந்த ஒவ்வொன்றிலும் ‘யேன்’ என்றுதான் எழுதியிருந்தது. வேறு பெயர் எதிலும் இல்லை. மாற்றவில்லை. சரி.

மூன்றாம் மாடி லாய், கம்ப்யூட்டர் பலகை செய்யும் தொழிற்சாலையில் எஞ்சினியர். கூப்பிடாமலே வந்தான், அதுவே சந்தேகம். திருப்புளியைக் கையோடு கொண்டு வந்தான். அது பெரிய சந்தேகம்.

"மாமா, இதைத் திறந்து வெச்சுக்கிட்டு கரன்டோட விளையாடக்கூடாது. வாசல்ல போய் மெயினை அணைச்சுட்டு, நான் சொல்றப்ப போடுங்க."

"நீ சொல்லு, உங்க கம்பெனி பலகையை நான் வாங்கலைன்னு உனக்குக் கோபம்தானே?"

"மாமா, உங்களுக்கு விக்கிறதை விட எங்க கம்பெனியையே இழுத்து மூடிரலாம்."

"பாவ்ஜு, அவன் கை!"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் பாவ்ஜு.

மெயினை அணைத்துவிட்டு மழை மூட்டத்து இருட்டில் நின்றார். உள்ளே திருப்புளி கிரீச்சிடுவது கேட்டது. "போடுங்க மாமா!" போட்டார். இப்போது பெட்டி ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. விசிறி இரண்டு சுற்றோடு நின்றது.

"பலகை போயிருச்சு மாமா. விதி," என்றான் லாய்.

"விதி உன் சட்டைப் பைக்குள்ள இருக்கும்!" என்று ஷுய்மூ அவன் பையைத் தடவப் போனார்.

"ஏங்க! படிச்ச பையன்ங்க! மானத்தை வாங்காதீங்க," என்று பாவ்ஜு குறுக்கே விழுந்தாள்.

லாய் ஒரு கையைப் பையில் விட்டபடியே மறு கையால் கும்பிடுபோட்டு நழுவினான். ஷுய்மூ மறுபடி டார்ச் அடித்தார். இருந்ததில் எல்லாம் ‘யேன்’. யோக்கியன்தான் போலிருக்கிறது.

நாலாம் மாடி ஃபாங் டீச்சர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அந்தக் கட்டிடத்தில் ஷுய்மூவை அதட்டக்கூடிய ஒரே ஆள்.

"கடைக்காரன் உத்தரவாதச் சீட்டுக் கொடுத்திருப்பானே, எங்கே?"

"பத்திரமா இருக்கு."

"எங்கே பத்திரமா?"

அது ஷுய்மூவுக்கே தெரியாது. திருடனுக்குத் தெரியக்கூடாதென்று அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார். அரிசிப் பானை, பாயின் அடி, செத்துப்போன அப்பாவின் படத்துக்குப் பின்புறம் என்று தேடி, கடைசியில் குளிர்பெட்டியில் மீனுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தார். டீச்சர் பின்னல் ஊசியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"சும்மா தட்டிப் பார்த்தேன். இப்ப போடு."

அழுத்தினார். ‘பட்’ என்றது. வீட்டு மின்சாரம் மொத்தமும் போய்விட்டது.

அந்த இருட்டில் டீச்சரின் குரல் வந்தது. "ஷுய்மூ, டார்ச்சை இப்படிக் காட்டு. இந்தப் பச்சைப் பையை யார் பிரிச்சது?"

பை வாய்பிளந்து கிடந்தது. உள்ளே பாதிப் பொரிதான் இருந்தது. ஷுய்மூவின் வெளிச்சம் மெல்ல நகர்ந்து பாவ்ஜுவின் முகத்தில் நின்றது. உதட்டோரம் பொரியின் மஞ்சள் தூள்.

"படபடப்பா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு வாயில போட்டேன்... அப்புறம் கை நிக்கலை."

"உனக்கு என்னடி படபடப்பு?"

"உங்க மானம் போகுதேன்னுதான்!"

"போச்சு," என்றார் டீச்சர். "பச்சைப் பையைத் தின்ன வீட்டுல எந்த மெஷின் ஓடும்? இனி யாரையும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை."

ஷுய்மூ நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானத்திலிருந்து ஓடி ஓடி உதவியவர்களைத் திருடர்கள் மாதிரி சந்தேகப்பட்டிருக்கிறார். தின்றது பெண்டாட்டி.

சாயங்காலம் இரண்டு சக்கர வண்டிகள் நிறுத்தும் இடத்தில் கூட்டம் கூடியது. ஷுய்மூ துவைத்த சட்டை போட்டு வந்தார். தொண்டையைச் செருமினார்.

"படம் இல்லை. தலைவர் பதவியும் இல்லை." பிறகு லீஹுவாவின் முன்னால் போய் இடுப்பு கடகடக்கக் குனிந்தார். அப்புறம் லாய். அப்புறம் ஃபாங் டீச்சர். கடைசியில், வழக்கமே இல்லாத வழக்கமாக, பாவ்ஜுவின் முன்னாலும்.

"சந்தேகப்பட்டே வாழ்ந்துட்டேன். மன்னிச்சிருங்க."

லீஹுவா கண்ணைத் துடைத்தாள். "நாங்க என்னண்ணே மனசுல வெச்சுக்கவா போறோம்?"

"மனுஷன்னா சந்தேகம் வரும் மாமா," என்றான் லாய், செருப்பைப் பார்த்தபடி.

"தலைவரா நீயே இரு. அந்தக் கேமராவை மட்டும் கழட்டிரு. அண்டை அயலுக்குள்ள நம்பிக்கைதான் முக்கியம்," என்றார் டீச்சர்.

எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். இத்தனை நல்லவர்கள் நடுவிலா இவ்வளவு காலம் பூட்டு வாங்கிச் செலவழித்தோம்! ஷுய்மூ அலமாரிச் சாவியை எடுத்து பாவ்ஜுவின் கையில் வைத்தார். "இனிமே பையை நீயே எடுத்துக்க. எண்ண மாட்டேன்."

பாவ்ஜு சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. கூட்டம் சிட்டாய்ப் பறந்தது. என்றைக்கும் ஆடி அசைந்து வருகிற டீச்சர்கூட அன்று முன்னால் ஓடினார். பாவ்ஜு எல்லோரையும் முந்தினாள். மாறிவிட்டார்கள், எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று ஷுய்மூவுக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்குள் போனார். செத்துக்கிடந்த பெட்டியைப் பார்த்தார். சந்தேகத்துக்குக் கட்டிய கோயில். இனி இது எதற்கு? இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். குப்பை வண்டி நகர்ந்துவிட்டது. பழைய சாமான் வண்டி மட்டும் நின்றது. மற்றவர்கள் வெறுங்கையோடு ஓரமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் நால்வரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"இரும்பு தம்பி. வெச்சுக்கோ," என்றார் ஷுய்மூ.

கையுறை போட்ட வண்டிக்காரன் பெட்டியை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, ‘யேன்’ என்ற எழுத்தைத் தடவிப் பார்த்தான். காலடியில் இருந்த கூடையையும் ஒரு பார்வை பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஓ, மிச்சம் உங்ககிட்டயா பெரியவரே? இத்தனை மாசத்துல இன்னைக்குத்தான் உங்க கட்டிடம் ஒழுங்காப் பிரிச்சுக் குடுத்திருக்கு: ஒயர் ரெண்டாம் மாடி, சில்லு மூணாம் மாடி, படம் பதிவாகிற டப்பா நாலாம் மாடி, முதல் துண்டு உங்க வீட்டம்மா!"