ஆடியில் புதுசு கூடாது

டேப்லெட்டின் திரையில் பாதியை எழுத்துப் பலகை விழுங்கியிருந்தது. மீதிப் பாதியில் பிரமிளா எழுதிய நிரல் தெரிந்தது. அதையும் மறைத்துக்கொண்டு, அம்மாவின் சீரியலில் அடுத்த பாகம் வந்துவிட்டதென்று ஓர் அறிவிப்பு குதித்தது.

“கம்பெனி சாப்ட்வேர் இதுல ஏறவே மாட்டேங்குதுடா,” என்றாள் தம்பி தீபனிடம்.

“அப்ப டெஸ்க்டாப் வாங்குலா.”

சமையலறையிலிருந்து அம்மா புஷ்பலதாவின் தலை எட்டிப் பார்த்தது. “ஆடி மாசம் புதுசு எதுவும் வீட்டுக்குள்ள வரக் கூடாது.”

சுங்காய் தோட்டத்திலிருந்து ஜெலாப்பாங் அடுக்குமாடிக்குக் குடிவந்தபோது கட்டிலைக்கூட விட்டுவந்த அம்மா, ஆடி மாதத்தை மட்டும் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

கையுறைத் தொழிற்சாலை வேலையைப் பிரமிளா நேற்றோடு விட்டுவிட்டாள். திங்கள் முதல் வீட்டிலிருந்தே கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றுக்கு நிரல் எழுத வேண்டும். மேலாளர் மகேந்திரன் அனுப்பியிருந்தது ஒரே வரி: ‘திங்கள் காலை உங்கள் மெஷின் தயாராக இருக்கட்டும்.’

என்ன மெஷின் என்று கேட்க அவளுக்குப் பயம். இதுகூடத் தெரியாதவளையா எடுத்தோம் என்று நினைத்துவிட்டால்?

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டுக் காளியம்மா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அம்மா சொல்றதும் சரிதான் பிரமி. ஆடி போகட்டும். எல்லாம் தானா வீடு தேடி வரும்,” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

ஆடி போவதற்குள் வேலை போய்விடும் என்று பிரமிளா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தீபன்தான் வழி கண்டுபிடித்தான். “பழசு வாங்குனா அது புதுசு இல்லதானேம்மா?”

அம்மா வெங்காயம் நறுக்குவதைப் பாதியில் நிறுத்திவிட்டு யோசித்தாள். “பழசுன்னா... பரவால்ல.”

பழைய கம்ப்யூட்டர் விற்கும் அஸ்வான் டேப்லெட்டைப் பார்த்துச் சிரித்தான். “இதுல கோடிங்கா? மோட்டார் சைக்கிள்ல அலமாரி ஏத்துற மாதிரிலா தங்கச்சி. இதக் குடுத்துட்டு அந்த டெஸ்க்டாப்ப எடுத்துட்டுப் போ. யானை மாதிரி உழைக்கும்.”

கனத்தில் அது யானைதான். லிப்ட் பழுது. அக்காவும் தம்பியும் நாலாவது மாடிக்குத் தூக்கி வந்தார்கள். சாப்பாட்டு மேசை முழுவதையும் அது பிடித்துக்கொண்டதால், அன்று எல்லோரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். வைஃபை பிடிக்கவில்லை. கம்பி இழுத்தால், அது சாமி மேடையைச் சுற்றித்தான் வந்தது. ஆனாலும் சாப்ட்வேர் ஏறியது. பிரமிளா அன்று நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிறு சாயந்திரம் அம்மா ஒரு சொம்போடு வந்தாள்.

“யாரு வீட்டுச் சாமானோ, எத்தன பேரு கண்ணு பட்டதோ. கொஞ்சம் மஞ்சத் தண்ணி தெளிச்சிர்றேன்.”

“அம்மா, வேணாம்! அதுல ஓட்டை இருக்கு!”

“அதான் ஓட்டையில தெளிக்கிறேன். உள்ளதானே தீட்டு இருக்கும்?”

டப்பென்று ஒரு சத்தம். விளக்கு, விசிறி, குளிர்பெட்டி எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து, சாம்பிராணி போட்டதுபோல, மெல்லிய புகை எழுந்தது.

பிரமிளா அஸ்வானை அழைத்தாள். “அண்ணே, என் டேப்லெட்ட திருப்பிக் குடுங்கண்ணே.”

“அலாமாக்! அது காலையிலயே வித்துப் போச்சும்மா.”

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. “சாமி மன்னிச்சுக்கும். ஆடியாவது ஒண்ணாவது. போயி புதுசே வாங்கிட்டு வா.”

“எதக் குடுத்தும்மா வாங்குறது?”

பிரமிளா கைபேசியில் மகேந்திரனுக்கு எழுதினாள்: ‘சார், என்னிடம் மெஷின் இல்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’ தீபன் கையைப் பிடிப்பதற்குள் அனுப்பிவிட்டாள். இரண்டு டிக்கும் நீலமாயின. மறுமுனையில் மகேந்திரன் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது.

வீடு இருட்டானதைப் பார்த்து, காளியம்மா டார்ச் லைட்டோடு ஓடிவந்தார். விசும்பலுக்கு நடுவே பிரமிளா எல்லாவற்றையும் சொன்னாள்.

“இதுக்கா அழுவுற?” என்றார் காளியம்மா. “போன வாரம் நீங்க யாரும் இல்லாதப்ப உன் கம்பெனியிலேருந்து கம்ப்யூட்டர் படம் போட்ட பெட்டி ஒண்ணு வந்துச்சு, ஆடி மாசம் உங்க வீட்டுக்குள்ள ஏத்த மாட்டீங்களேன்னு நான்தான் வாங்கி என் சாமி மேடைக்குக் கீழ பத்திரமா வச்சிருக்கேன்லா!”