சில்லு வைத்த வீடு ஆடுகிறது, அத்தான்

ட்றெயிலர் பார்க்,
ரொறன்ரோவுக்கு வடக்கே.
14.07.1996

பெருமதிப்புக்குரிய தில்லையம்பலம் அத்தானுக்கு,

லண்டனில் உங்கள் முழங்கால் வலியும் மச்சாளின் சீனி வருத்தமும் அடங்கியிருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை. போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும், அதனால் கடிதம். நீங்கள் ஊரில் நாற்பது பாலம் கட்டிய எஞ்சினியர். உங்கள் தங்கச்சி புருஷனுக்கோ நிறுத்தி வைத்த ஒரு ட்றெயிலரை ஆடாமல் வைத்திருக்கத் தெரியவில்லை.

ரதிக்குப் பகல் வேலை, எனக்கு இரவு வேலை. ஒன்பது வருடமாக நாங்கள் சந்திப்பது லிஃப்ட் வாசலில்தான். அவள் வெளியே வருவாள், நான் உள்ளே போவேன். இந்த முறை இருவருக்கும் ஒன்றாக இரண்டு கிழமை லீவு கிடைத்தது. ஒரு மேசையில் எதிரெதிரே இருந்து தேத்தண்ணி குடிக்கும் ஆசையில் பழைய ஃபிப்த் வீல் ட்றெயிலர் ஒன்றை வாங்கினேன். பிக்கப் லொறியின் முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு வருகிற பெரிய வீடு அது. பிக்கப்பைக் கழற்றிவிட்டால் மூக்கு அந்தரத்தில் நிற்கும். ரதி சுற்றிவரப் பார்த்துவிட்டு, "பார்க்டேலில ஒரு அறை, வெக்ஸ்போர்ட்டில மூண்டு அப்பார்ட்மென்ட் மாறியாச்சு. ஓடித் திரிஞ்சது காணும், அசையாத ஒரு இடம் வேணுமெண்டு கேட்டன். நீங்கள் சில்லுப் பூட்டின வீட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்" என்றாள்.

வீடென்றால் பால் காய்ச்ச வேண்டுமே. பால் கிழக்கே வழிந்தால் நல்லதல்லவா? அதற்காக நான், பெரிய மூளைசாலி, ஜாக்கியைச் சுற்றி ட்றெயிலரையே கிழக்குப் பக்கம் சரித்து வைத்தேன். சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டுமென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். மிசிசாகாவிலிருந்து வந்த சொந்தக்காரர் பத்துப் பேர் உள்ளே ஏற, பால் சூடாகுமுன்பே கிழக்கே வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பானை கிழக்கே போனது, ஃபிரிட்ஜ் கதவு திறந்து தயிர்ச் சட்டி போனது, கடைசியில் ட்றெயிலரே அரை அடி போனது. ரதி தலை சுற்றிப் புல்லில் குந்திவிட்டாள். "இன்னும் ஒருக்கா உது ஆடினால் நான் வெக்ஸ்போர்ட்டுக்குப் போயிடுவன். நீங்கள் தனிய இருந்து பால் காய்ச்சுங்கோ."

பாரம் போதாது என்று நினைத்து மறுநாள் பத்து மூட்டை அரிசியைக் கொண்டுவந்து மூக்குப் பக்கம் அடுக்கினேன். ஆட்டம் கூடியது. பக்கத்து ட்றெயிலரில் இருக்கும் பேனாட் என்ற கிழவர், முந்தி லொறி ஓட்டியவர், பொறுக்க முடியாமல் வந்தார். அரிசியை இறக்கச் சொன்னார். நீர்மட்டம் வைத்துச் சமப்படுத்தினார். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் ஆப்பு, இரண்டு ரயருக்கும் நடுவே இறுக்குகிற இரும்பு, அந்தரத்தில் நின்ற மூக்குக்கு இரும்பு முக்காலி, பின்பக்க ஜாக்கிகளுக்கு அடியில் மண்ணில் புதையாதபடி பலகை என்று எல்லாம் வைத்தார். "ஜாக்கி தூக்கிறதுக்கில்லை, பிடிச்சு வைக்கிறதுக்கு" என்று அவர் சொன்னதை நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பிறகு உள்ளே ஏறித் துள்ளிக் காட்டினார். ஒரு அசைவும் இல்லை.

ஆனால் அத்தான், ரதியும் நானும் தேத்தண்ணி குடிக்க இருந்தால் மேசை ஆடுகிறது! கோப்பைக்குள் தேத்தண்ணி நடுங்குகிறது. நான் ஓடிப்போய் அடியில் படுத்துப் பார்த்தால் ஆட்டம் இல்லை. வந்து இருந்தால் திரும்பவும் தொடங்குகிறது. நாளுக்கு ஏழு தடவை அடியில் படுத்து என் சேர்ட் எல்லாம் சேறு. இன்று காலை ரதி வாசலில் ஒரு பை கட்டி வைத்திருக்கிறாள். அவள் போய்விட்டால் மறுபடியும் லிஃப்ட் வாசல்தான். உங்கள் பதில் வர லீவு முடிந்துவிடும் என்பது தெரியும். ஆனாலும் எந்த ஜாக்கியில் பிழை என்று எழுதுங்கள். இதை எழுதும்போதும் மேசை ஆடுவதால் எழுத்துக் கோணலை மன்னிக்கவும்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. நீங்கள் நின்ற இடத்தில் உறுதியாக நிற்க ஆண்டவன் துணை.

இப்படிக்கு,
ஆடிக்கொண்டிருக்கும் மைத்துனன்
தியாகலிங்கம்

பி.கு.: அண்ணை, ரதி எழுதுறன். கடிதத்தை ஒட்டச் சொல்லி என்னட்டைத் தந்தவர், வாசிச்சுப்போட்டன். ஜாக்கியில ஒரு பிழையும் இல்லை. இவர் கதிரையில இருந்த உடனை வலது காலை மேசைக் காலில முட்டிக்கொண்டு ஆட்டத் தொடங்குவார். கீழ போய்ப் படுத்துப் பாத்தால் எப்பிடி ஆடும்? ஒன்பது வருசமா ஒண்டா இருந்து சாப்பிடாததில இவர் காலாட்டிறவர் எண்டதே எனக்கு மறந்துபோச்சு. வாசலில இருக்கிற பைக்குள்ள பேனாட்டுக்குக் குடுக்கிற அரிசி. நான் இன்னும் ஒரு கிழமை லீவு கேட்டிருக்கிறன், இவரையும் கேக்கச் சொல்லப்போறன். காலை நிப்பாட்டச் சொல்ல மாட்டன். மேசை ஆடினால் ஆள் முன்னுக்கு இருக்கிறார் எண்டு தெரியும். நீங்கள் பதில் போட வேண்டாம்.