வாயை மூடிய குழாய்

வலேரியான் ஃபோமிச் பூட்ஸ் போட்ட காலை வாசலுக்கு வெளியே வைத்து, அடுத்த காலுக்குப் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோதே குழாய் ஆரம்பித்துவிட்டது. டங், டங், டங். முதலில் அவர் வீட்டுச் சமையலறையில். பிறகு கீழே நாலாம் மாடியில். அப்புறம் மூன்றில், இரண்டில், கடைசியாகக் கீழ்வீட்டில் போய் அடங்கியது.

“கிளாவா, கேட்டியா?” என்று வாசலிலிருந்தே கேட்டார்.

“கேட்டுது. நல்லாவே கேட்டுது,” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “கதவைச் சாத்திட்டுப் போ வலேரா, குளிர் உள்ள வருது.”

“ஞாயித்துக்கிழமை கட்டடத் தலைவர் தேர்தல். அதுக்குள்ள இந்தக் குழாய் வாயை அடைக்கலேன்னா என் பேரு வலேரியான் இல்ல.”

“அது பாட்டுக்கு அது தட்டுது. யாருக்கும் தொந்தரவா இல்லையே.”

“அதான் இந்த ஜனங்களைப் பிடிச்ச வியாதி. கஷ்டமே அவங்களுக்குப் பழகிப் போச்சு.”

வடக்கு ரஷ்ய நகரமான வோலக்தாவின் பனிக்காலத்தில் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தைக் காப்பாற்றி வந்தது ஒரே ஒரு இரும்புக் குழாய்தான். நகரத்துக் கொதிகலனிலிருந்து வரும் வெந்நீர், ஒவ்வொரு சமையலறையாகத் துளைத்துக்கொண்டு மேலேறி, உச்சி மாடியில் வலேரியான் ஃபோமிச் வீட்டு ரேடியேட்டரைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும். அந்த மனிதருக்குச் சூடு தனியாகத் தேவையே இல்லை என்பது வேறு விஷயம்.

செங்கல் ஆலையில் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கழித்துப் போடச் செங்கல் இல்லாமல் போனதும், மனிதர்களைக் கழிக்க ஆரம்பித்தார். நாலாம் மாடி ஸோயாவுக்கு முட்டைக்கோஸ் ஊறுகாயில் உப்பு போடத் தெரியவில்லை. மூன்றாம் மாடி அர்ஹீப்புக்குக் காரை நிறுத்தத் தெரியவில்லை. இதையெல்லாம் எடுத்துச் சொல்லலாம் என்று படியிறங்கினால் ஒரு ஈ காக்கை இருக்காது. கதவைத் தட்டினால் உள்ளே மூச்சுச் சத்தம் கூடக் கேட்காது. சோம்பேறிக் கூட்டம், பட்டப்பகலில் தூங்குகிறது என்று அதற்கும் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்.

பழைய கட்டடத் தலைவி மகள் வீட்டோடு போய்விட்டதால் அந்த நாற்காலி காலியாக இருந்தது. எதிர்த்து நிற்க ஆள் இல்லை. ஆனால் பாதி வீடுகளுக்கு மேல் கை தூக்க வேண்டும். ஓய்வு பெற்ற மறுமாதமே ஆலை வாசல் காவலாளி “யார் நீங்க?” என்று கேட்ட அன்றிலிருந்து, யாராவது தன்னை ஏதாவது ஒரு தலைவர் என்று கூப்பிட மாட்டார்களா என்று அவர் ஏங்கிக் கிடந்தார். அந்த ஏக்கத்தை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும், அவர் வாயைத் திறக்கும் வரை.

முதலில் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திருகினார், தேவைக்கு மேலேயே திருகினார். உள்ளே ஊறிக் கிடந்த கறுப்புத் தண்ணீர் சீறி வந்து, சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதத்தை ஒரு கை பார்த்தது.

“காத்து போயிடுச்சு,” என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

“காத்து மட்டுமா போச்சு,” என்றாள் கிளாவா.

பார்த்துவிடலாம் என்று வெளியே காலை வைத்தார். டங், டங், டங்.

அடுத்து, குழாய் தரையைத் துளைக்கும் இடத்தில் சிமெண்டோடு உரசுகிறது என்றார். கம்பளிப் பூட்ஸ் ஒன்றை வெட்டி இடுக்கில் செருகுவதற்காகச் சுத்தியலால் ஓட்டையைப் பெரிசு பண்ணினார். ஓட்டை பெரிசானது. நாலாம் மாடி ஸோயா ஒரு கிண்ணத்தோடு மேலே வந்தாள்.

“இது என் பீட்ரூட் சூப். இதுல மிதக்கறது உங்க தரை.”

“சூப்பை மூடி வைக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“சொல்லலையே. என்னை நீங்க பார்த்தே ரெண்டு வருஷம் ஆகுது,” என்று சொல்லி, சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பூட்ஸ் செருகியும் தட்டல் நிற்கவில்லை. வலேரியான் ஃபோமிச் யோசித்தார். வீட்டுக்குள் நாற்காலி போட்டு, குழாயில் காதை வைத்து அரை நாள் உட்கார்ந்தார். சத்தமே இல்லை. கிளாவாவை வெளியே அனுப்பிப் பார்த்தார். அப்போதும் இல்லை. அவர் வெளியே போனால் மட்டும்தான் தட்டியது.

வேறொருவனாக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்திருப்பான். இவர் பூரித்துப் போனார்.

“எடை,” என்றார். “படிக்கட்டுத் தளத்துல என் எடை ஏறினதும் கட்டடம் அசையுது. குழாய் தட்டுது. உன்னை மாதிரி ஆளுங்க நின்னா அசையாது.”

“அப்படின்னா நீ வெளிய போகாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி,” என்றாள் கிளாவா, கழுத்து வளைந்த இரும்புக் கரண்டியால் கஞ்சியைக் கிளறிக்கொண்டே.

“முதல்ல அந்தக் கரண்டியைத் தூக்கிப் போடு. புதுசு வாங்கிக் கொடுத்து வருஷமாச்சு. கரண்டி கூட நேரா வச்சுக்கத் தெரியல.”

“இதுதான் என் கைக்கு வாகா இருக்கு.”

எடைக்கு வைத்தியம், தண்ணீரின் வேகத்தைக் குறைப்பது. இதை எந்தப் புத்தகத்தில் படித்தார் என்று கேட்க ஆள் இல்லாததால், நிலவறைக்குப் போய் வால்வைப் பாதி மூடினார். சாயங்காலத்துக்குள் ஐந்து வீடும் ஐஸ் பெட்டியாகிவிட்டது. அர்ஹீப், ஸோயா எல்லோரும் கோட்டும் தொப்பியுமாக அவர் வாசலில் வந்து நின்றார்கள்.

“தயவு பண்ணி அந்தக் குழாயை விட்டுடுங்க வலேரியான் ஃபோமிச்,” என்று அர்ஹீப் கெஞ்சினான். “அது தட்டட்டும். எங்களுக்கு அது ஒரு துணை மாதிரி.”

“அந்தச் சத்தம் கேட்டாதான் எங்களுக்கு நிம்மதியே,” என்றாள் ஸோயா.

“அறியாமை,” என்று அவர்களைக் கனிவோடு பார்த்தார். “நாளைக்கு நீங்களே வந்து எனக்கு நன்றி சொல்லுவீங்க.”

மறுநாள் வால்வைத் திறந்துவிட்டு, கூஸ்மா என்கிற குழாய்க்காரனைக் கூட்டி வந்தார். எதைச் சொன்னாலும் தலையாட்டுவதில் கூஸ்மா ஊரறிந்த கெட்டிக்காரன்.

“உங்க வீட்டுல இரும்பை அறுத்துட்டு பிளாஸ்டிக் போட்டுடலாம். அப்புறம் அது வாயே திறக்காது,” என்றான்.

கிளாவா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். “அறுக்காதே வலேரா. அது போச்சுன்னா நான் எப்படி…”

“எப்படி என்ன?”

“எப்படி… துணி காயப் போடுவேன்?”

“பிளாஸ்டிக்ல போடு,” என்றார் அவர். கூஸ்மா அறுத்தான். கிளாவா கரண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வலேரியான் ஃபோமிச் சவரம் செய்து, கோட்டில் ஆலை கொடுத்த பதக்கத்தைக் குத்திக்கொண்டு ஓட்டுக் கேட்கக் கிளம்பினார். வெளியே காலை வைத்தார். சத்தம் இல்லை. உள்ளே வந்து மறுபடி வைத்தார். கட்டடம் மூச்சுக் காட்டவில்லை. மனசு நிறைந்து போயிற்று.

படியில் இறங்கியவருக்கு இன்னொரு ஆச்சரியம். ஸோயா கதவைத் திறந்து போட்டுக்கொண்டு கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கம்பளம் கையிலிருந்து நழுவியது. உப்பைப் பற்றி அவளுக்கு விளக்கமாகச் சொன்னார். குப்பை வாளியோடு வீட்டுச் செருப்பில் இறங்கி வந்த அர்ஹீப் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். காரை நிறுத்தும் முறையை அவனுக்குக் கையால் வரைந்து காட்டினார், அவன் கால் விறைத்துப் போகும் வரை. இரண்டாம் மாடி வாத்தியார் சிகரெட்டை அவசரமாக விழுங்கப் பார்த்தார். புகையிலையின் தீமைகள் அவருக்குக் கிடைத்தன.

இத்தனை வருஷமாகக் காலியாகக் கிடந்த படிக்கட்டு, குழாய் அடங்கியதும் ஆளும் பேருமாக நிறைந்திருந்தது. எல்லோரும் தலையைத் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கூட எதிர்த்துப் பேசவில்லை. தனக்கு இவ்வளவு மரியாதையா என்று வலேரியான் ஃபோமிச்சுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கடைசியாகக் கீழ்வீடு. போன வாரம்தான் ரிம்மா என்ற பெண் அங்கே குடி வந்திருந்தாள். அவர் இன்னும் அவளைப் பார்த்ததில்லை, அவளும் அவரைப் பார்த்ததில்லை. மணியடித்ததும் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

“தேர்தல் விஷயமா வந்தேன் அம்மா. இப்ப குழாய்ச் சத்தம் இல்லாம இருக்கே, உங்களுக்கு எப்படி இருக்கு?”

ரிம்மா அவர் கோட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஐயோ, அதையேன் கேக்கறீங்க. அஞ்சாம் மாடியில ஒரு அறுவை இருக்காராமே, அவர் வெளிய காலை வச்சதும் அவர் சம்சாரம் பாவம் கரண்டியால குழாயில மூணு தட்டு தட்டுமாம், நாங்க ஒவ்வொரு வீடா கீழ தட்டிவிட்டு எல்லாரும் கதவைச் சாத்திக்கணுமாம். இப்ப அது இல்லாம இந்தப் படிக்கட்டே மாட்டிக்கிட்டு முழிக்குது, அதனால அந்தப் பழைய இரும்புக் குழாயைத் திரும்ப மாட்டித் தர்றேன்னு சொல்லுங்க, எங்க எல்லார் ஓட்டும் உங்களுக்குத்தான்.”