தாய்மாமன் மடியில் டார்க் சாக்லேட்

எனக்கு மன உறுதி அதிகம். இந்த உண்மையை உலகத்தில் நான் ஒருவன்தான் நம்புகிறேன். காலை நடை, வெந்தயத் தண்ணீர், மூச்சுப் பயிற்சி என்று நான் தொடங்கிக் கைவிட்டதையெல்லாம் என் மனைவி கலா விரல்விட்டு எண்ணுவாள். அவளுக்கு விரல் போதாது.

சில வருடங்களுக்கு முன்னால் டாக்டர் எனக்கு ரத்த அழுத்தம் எல்லையில் நிற்கிறது என்றார். அறந்தாங்கியில் உரக்கடை வைத்து, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவனுக்கு வேறென்ன வரும்? அந்த வாரமே, தினமும் ஒரு துண்டு டார்க் சாக்லேட் சாப்பிட்டால் இதயத்துக்கு நல்லது, மனசும் தெளிவாக இருக்கும் என்று எங்கோ படித்தேன். மிட்டாய் தின்று உடம்பைத் தேற்ற வழி இருக்கும்போது விடுவேனா? (அது எட்டிக்காயாகக் கசக்கும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது.)

"இதுக்கு வேப்பங்கொழுந்தத் தின்னுருக்கலாம். காசும் மிச்சம்," என்றாள் கலா. "எத்தன நாளைக்குன்னு நானும் பாக்குறேன்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னை உசுப்பியது. தலையே போனாலும் ஒருநாள்கூடத் தவறக் கூடாது என்று முடிவெடுத்தேன். தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு துண்டு. முகத்தைச் சுளித்துக்கொண்டே, ஆனால் விடாமல்.

அப்போதுதான் என் தங்கை செல்வியின் ஒரு வயது மகளுக்குக் காதுகுத்து வந்தது. மீமிசல் பக்கம் அவள் புகுந்த வீட்டாரின் குலதெய்வக் கோயில். தாய்மாமன் நான். குழந்தையை என் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும்.

"அண்ணே, எங்க நாத்தனார் எதுலடா கொறை கண்டுபிடிக்கலாம்னு இருக்காக," என்றாள் செல்வி போனில். "நம்ம பக்கத்துல ஒரு கொறையும் வந்துறக் கூடாதுண்ணே."

"நானிருக்கேன்ல," என்றேன்.

விருந்து முடிய நேரமாகுமே என்று அன்றைய துண்டைக் கையோடு எடுத்துப் போனேன். ஜிகினாத் தாள் சரசரத்தால் பிள்ளைகள் மொய்த்துவிடும் என்று அதைப் பிரித்து எறிந்துவிட்டுக் கைக்குட்டையில் சுற்றினேன். சட்டைப் பை மெல்லிசு, கறுப்பாகத் தெரியும். ஆகவே வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். (எவ்வளவு யோசித்திருக்கிறேன் பாருங்கள்.)

சித்திரை வெயில். தகரக் கொட்டகை. மடியில் மொட்டையடித்த குழந்தை, மஞ்சள் பட்டுப்பாவாடையில் நெளிந்துகொண்டிருந்தது. ஆசாரி ஊசியை எடுத்த நேரம், நாத்தனார் குரல் கேட்டது.

"பாவாடையப் பாருங்க. புள்ளைக்கு வயித்தால போயிருக்கு."

பார்த்தேன். மஞ்சள் பட்டில் பழுப்பாக ஒரு தீற்றல். என் வெள்ளை வேட்டியில் அதைவிடப் பெரிதாக ஒன்று.

"சாமி முன்னால இப்படி ஆயிருச்சே. இன்னொரு நாளைக்கு வச்சுக்குவோம்," என்றார் நாத்தனார். கிடா வெட்டியாகிவிட்டது, சொந்தமெல்லாம் வந்தாகிவிட்டது. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

"புள்ளை ஒண்ணும் பண்ணல. இது சாக்லேட்டு," என்றேன். யாரும் நம்பவில்லை. ஆதாரம் காட்டுகிறேன் பேர்வழி என்று கைக்குட்டையை உருவி விரித்தேன். துடைத்து மடித்து வைத்த மாதிரியே இருந்தது.

நாத்தனார் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஏன் செல்வி, அப்ப ஒங்க அண்ணனுக்குத்தான் ஒடம்பு சரியில்லையா?"

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. இனி ஒரே வழிதான். விரலால் வழித்தேன், எல்லோரும் பார்க்க நக்கினேன். அதோடு நின்றிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். கசப்பில் என் முகம் தானாகக் கோணிக்கொண்டது.

ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போது கலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, செல்வியைப் பார்த்தாள். கைக்குட்டையை வாங்கி, ஒரு விரலால் தொட்டு, வாயில் வைத்தாள். அவள் முகமும் அதேபோலக் கோணியது.

"சாக்லேட்டுதான். தெனமும் இந்தக் கண்றாவியத்தான் திங்கிறாரு," என்றாள். "ஆசாரி, நீங்க குத்துங்க."

இருபது வருட வாழ்க்கையில் அவள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை. காது குத்தியாயிற்று. என் அன்றைய துண்டும், வழித்த கணக்கில், தவறவில்லை.

இன்றைக்கும் தினமும் சாப்பிடுகிறேன், ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றபடியே. ஆனால் எங்கள் குடும்பத்தில் பால் திரிந்ததா, மாவு புளித்ததா என்று எந்தச் சந்தேகம் வந்தாலும், "அண்ணனக் கூப்புடுங்க, நக்கிப் பாத்துச் சொல்லுவாரு" என்பதுதான் பேச்சு.

போன மாதம் செல்வி வீட்டு விருந்தில் தரையில் ஏதோ சிந்திக் கிடந்தது. ஆளாளுக்கு என்னவென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தை இப்போது எல்கேஜி. இத்தனை பேருக்கு நடுவில் என் வேட்டியைப் பிடித்து இழுத்து வந்து, "மாமா, நக்கிச் சொல்லுங்க," என்றது. நாத்தனார் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

தாய்மாமன் ஆயிற்றே. குனிந்தேன்.